ஒரே பேர்ல நூறு கட்டுரை ஆசிரியர்கள், நமக்கு வேண்டியவரை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கேள்வி: என் ஆராய்ச்சிக்கு ஒருத்தரோட கட்டுரைகள் எல்லாத்தையும் படிக்கணும். அவர் குடும்பப் பேரு வாங், முன்னாடி டபிள்யூன்னு ஒரு எழுத்து. ஆராய்ச்சிக் கட்டுரைகளை இலவசமாப் படிக்கிற ஆர்க்கைவ் (arXiv) தளத்துல தேடினா இயற்பியல், கம்ப்யூட்டர், கணிதம்னு கலந்து கட்டி கொட்டுது. இதுல இவரோடது எதுன்னு எப்படிப் பிரிக்கிறது?

பதில்: முதல்ல அந்தப் பேரைத் தேடுறத நிறுத்துங்க. வெய் வாங்ங்கிற பேர்ல மட்டும் கம்ப்யூட்டர் துறைக் கட்டுரைகளுக்கான டிபிஎல்பி தளம் நூறுக்கும் மேல தனித்தனி ஆட்களைப் பிரிச்சு வச்சிருக்கு, அதுவும் ஒரே ஒரு துறைல. அப்போ வெறும் டபிள்யூ வாங்னு போட்டா என்ன வரும்னு பாத்துக்கோங்க. இன்னொண்ணு, ஆர்க்கைவ்ல ஒரு கட்டுரைப் பக்கத்துல ஆசிரியர் பேர் மேல கிளிக் பண்ணா அவரோட சொந்தப் பக்கம் வரும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல, அது அந்தப் பேரை வச்சு மறுபடியும் ஒரு தேடல்தான் நடத்துது, அந்தப் பேர்ல இருக்கிற எல்லாரும் வந்து நிப்பாங்க.

உங்க கைல, இது சத்தியமா அவரோடதுதான்னு சொல்ற மாதிரி ஒரு கட்டுரை இருக்கும்ல, அங்க இருந்து கிளம்புங்க. அதுல கூட எழுதினவங்க யாரு, அவங்கள்ல அபூர்வமான பேரு உள்ளவர் யாருன்னு பாருங்க, அந்தப் பேரையும் வாங்கையும் சேத்துப் போட்டுத் தேடினா குப்பை முக்கால்வாசி போயிடும். அடுத்து அந்தக் கட்டுரையோட கடைசில இருக்கிற மேற்கோள் பட்டியல். ஆராய்ச்சி பண்றவங்க தன்னோட பழைய வேலையைக் குறிப்பிடாம இருக்க மாட்டாங்க, "நாங்க இதுக்கு முன்னாடி காட்டின மாதிரி"ன்னு ஒரு வரி எங்கயாவது வரும், அந்த வரில இருக்கிற மேற்கோள் எண்ணைப் பிடிச்சுப் போனா முந்தின கட்டுரை கிடைக்கும், அதுல இருந்து அதுக்கு முந்தினது. இப்படிப் போறப்ப ஒவ்வொண்ணுலயும் அவர் எந்த நிறுவனம், எந்த வருஷம், எந்த ஈமெயில்னு குறிச்சு வச்சுக்கிட்டே வாங்க, நிறுவனம் மாறின வருஷம் தெரிஞ்சிடுச்சுன்னா அதுக்கப்புறம் வேலை ரொம்ப சுலபம். கொஞ்சம் பொறுமை வேணும், ஆனா இந்த வழில கிடைக்கிற பட்டியலைத்தான் நம்பலாம்.

கேள்வி: துறையை வச்சே பிரிச்சுடலாமே சார்? நான் தேடுறவர் வானியல்காரர்னா வானியல் அல்லாததை எல்லாம் தள்ளிட்டா போச்சு.

பதில்: இந்த இடத்துலதான் நல்லா தேடுறவங்க கூட சறுக்குறாங்க. எஸ். சந்திரசேகர்னு எடுத்துக்கோங்க. ஒருத்தர் சுப்ரமணியன் சந்திரசேகர், 1983ல நோபல் வாங்கின வானியற்பியலாளர், சிகாகோ பல்கலைக்கழகம். இன்னொருத்தர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர், திரவப் படிக ஆராய்ச்சில பெரிய பேரு, பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனத்துல இருந்தவர், டிஸ்காட்டிக் திரவப் படிகம்னு தட்டு வடிவ மூலக்கூறுகள்ல இருந்து வர்ற ஒரு புது வகையை 1977ல தன் குழுவோட அறிவிச்சவர். ரெண்டு பேருமே இயற்பியல், ரெண்டு பேருக்கும் ஒரே எழுத்து, பல வருஷம் ஒரே காலத்துல எழுதிக்கிட்டு இருந்தவங்க.

இப்ப துறையை வச்சு வடிகட்டுறீங்கன்னு வைங்க. வானியல்காரர் விண்மீன் உள்ளமைப்போட நிக்கல, 1943ல தற்செயல் இயக்கம் பத்தி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார், 1961ல திரவங்களோட நிலைத்தன்மை பத்தி ஒரு முழு புத்தகமே போட்டார், அப்புறம் கருந்துளைக்குப் போனார். திரவம்னு பாத்ததும் இது மத்தவரோடதுன்னு தள்ளினா ஒரு மனுஷனோட பத்து வருஷ உழைப்பு உங்க பட்டியல்ல இருந்து காணாமப் போயிடும். அதனால துறையை ஒரு துப்பா வச்சுக்கோங்க, தீர்ப்பா வைக்காதீங்க. பழைய கட்டுரைகளுக்கு நிறுவனமும் வருஷமும்தான் உறுதியான சாட்சி, சிகாகோன்னு போட்டிருந்தா ஒருத்தர், பெங்களூருன்னா இன்னொருத்தர். 1930கள்ல வந்ததுன்னா யோசிக்கவே வேணாம், திரவப் படிகக்காரர் பிறந்ததே 1930லதான்.

கேள்வி: ஆராய்ச்சியாளர்களுக்குன்னு ஆர்க்கிட் (ORCID) எண் இருக்கே, அதைப் போட்டா எல்லாம் வந்துடாதா?

பதில்: அந்த எண் இருந்தா பெரிய உதவி, 16 இலக்கம், ஒரு ஆளுக்கு ஒண்ணு, பேர் மாறினாலும் நிறுவனம் மாறினாலும் எண் மாறாது. ஆனா அது 2012லதான் ஆரம்பிச்சுது, அதுக்கு முன்னாடி வந்த கட்டுரைகளை ஆசிரியரே உக்காந்து சேத்தாத்தான் உண்டு, பல பேரு சேக்குறதில்ல, எண் வாங்கிட்டு பக்கத்தைக் காலியா விட்டவங்களும் உண்டு. ஆர்க்கைவ்லயும் இதே கதைதான், கட்டுரையை ஏத்தினவர் கணக்குலதான் அது முதல்ல சேரும், கூட எழுதினவங்க தன்னோடதுன்னு தனியா கோரணும். அதனால இந்தப் பக்கங்கள்ல இருக்கிறது பெரும்பாலும் அவரோடதுதான்னு நம்பலாம், ஆனா இல்லாததெல்லாம் அவரோடது இல்லன்னு முடிவு பண்ணக் கூடாது.

துறைக்குன்னு ஆட்கள் உக்காந்து சரிபாக்குற இடங்கள் இன்னும் நம்பகமானவை. கணிதத்துக்கு மேத்சைநெட், இசட்பிமேத், துகள் இயற்பியலுக்கு இன்ஸ்பயர். இசட்பிமேத் 2021ல இருந்து எல்லாருக்கும் இலவசம், கணிதப் பக்கம் தேடுறவங்க அங்க இருந்தே ஆரம்பிக்கலாம்.

கேள்வி: நான் மருத்துவ ஆராய்ச்சி. மருத்துவக் கட்டுரைகளைத் தேடுற பப்மெட் தளத்துல பழைய கட்டுரைகள்ல முழுப் பேரே வரமாட்டேங்குதே?

பதில்: வராது, 2002க்கு முன்னாடி உள்ளதுக்கு அங்க குடும்பப் பேரும் முதல் எழுத்துகளும்தான். ஒரு எழுத்து மட்டும் போட்டுத் தேடினா ரெண்டு எழுத்து உள்ளவங்களும் சேந்து வருவாங்க, அது வேணாம்னா பேரை மேற்கோள் குறிக்குள்ள போட்டு பின்னாடி ஆசிரியர்ங்கிற புலக் குறியையும், அதாவது [au]ன்னு, சேத்துத் தேடுங்க. ஆனா அதே ஆளு சில கட்டுரைல ஒரு எழுத்தும் சிலதுல ரெண்டு எழுத்துமா போட்டிருப்பாரு, அதனால ரெண்டு விதமாவும் தேடிட்டு ஒப்பிட்டுப் பாருங்க. சந்தேகம் வந்தா மூலக் கட்டுரையோட முதல் பக்கத்தையே திறந்து பாத்துடுங்க, அதுல முழுப் பேரு இருக்க வாய்ப்பு உண்டு.

கேள்வி: என் பேரே ரொம்ப சாதாரணப் பேரு. கூகுள் ஸ்காலர்ல என் பக்கத்துல வேற யாரோ எழுதினதெல்லாம் சேந்து கிடக்கு. என்ன பண்றது?

பதில்: இன்னிக்கே எடுத்துடுங்க. அது தானா சேத்துக்கிட்டதுதான், ஆனா பாக்குறவங்களுக்கு நீங்க அடுத்தவர் உழைப்பை எடுத்துக்கிட்ட மாதிரி தெரியும், அந்த மனுஷருக்கும் அது அநியாயம். அந்தப் பக்கத்தோட செட்டிங்ஸ்ல போயி புதுக் கட்டுரைகளைத் தானா சேக்காம உங்ககிட்ட கேக்குற மாதிரி மாத்தி வைங்க. ஸ்கோபஸ்ங்கிற கட்டுரைத் தரவுத்தளத்துல உங்க பேர்ல ரெண்டு மூணு ஆசிரியர் எண் பிரிஞ்சு கிடந்தா ஒண்ணாச் சேக்கச் சொல்லி அவங்ககிட்டயே கோரிக்கை போடலாம். அடுத்த கட்டுரைல இருந்து முழுப் பேரு, எப்பவும் ஒரே எழுத்துக்கூட்டல், கூடவே ஆர்க்கிட் எண், இதை இதழுக்கு அனுப்புறப்பவே குடுத்துடுங்க, அச்சான பிறகு திருத்துறதுக்குப் படுற பாடு ரொம்ப அதிகம்.