பழைய லமினேற் கவுண்டர்: மேலே ஒட்டலாமா, கழற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: ரொறன்ரோ ஸ்காபரோவில் 1988இல் கட்டிய வீடொன்றை வாங்கியிருக்கிறோம். குசினிக் கவுண்டர் 'ட' வடிவத்தில் பழைய லமினேற். நிறம் மங்கிவிட்டது, சிங்குக்குப் பக்கத்தில் கொஞ்சம் எழும்பியும் நிற்கிறது. எப்பொக்சி (ஊற்றி இறுகவிடும் பிசின்) ஊற்றினால் போதும் என்கிறார் ஒருவர். புதுத் தாளை மேலே ஒட்டலாம் என்கிறார் இன்னொருவர். எது சரி?

பதில்: நிறத்தை விடுங்கள். சிங்கடியில் எழும்பியிருக்கிறதே, அதை முதலில் பாருங்கள். லமினேற் என்பது ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள தாள். அதைத் தாங்குவது முக்கால் அங்குல மரத்துகள் பலகை. தாளுக்குள் தண்ணீர் போகாது. சிங்குக்காக வெட்டிய துளையில் பலகையின் வெட்டுமுகம் திறந்தே கிடக்கும். சிங்கின் ஓரத்தை அடைக்கும் சிலிக்கோன் பசை விட்டுப்போனால் தண்ணீர் நேரே அதற்குள்தான் இறங்கும். ஒருமுறை ஊதிய துகள் பலகை, காய்ந்தாலும் பழைய தடிப்புக்குத் திரும்பாது.

சிங்குக்குக் கீழே உள்ள கபேட்டைத் திறந்து, ரோர்ச் அடித்து, துளையின் ஓரத்தை ஸ்குரூட்ரைவர் நுனியால் அழுத்துங்கள். பாத்திரம் கழுவும் மெஷின் இருந்தால் அதற்கு மேலுள்ள முன்விளிம்பையும் பாருங்கள். கதவைத் திறக்கும்போது வரும் ஆவி அங்கேதான் படுகிறது. பலகை உதிர்ந்தால் எப்பொக்சியும் வேண்டாம், புதுத் தாளும் வேண்டாம், மாற்றத்தான் வேண்டும். பலகை இறுக்கமாக இருந்து தாள் மட்டும் கிளம்பியிருந்தால் செலவே இல்லை. மேலே துணி போட்டு, மிதமான சூட்டில் அயன் பண்ணுங்கள்; பழைய பசை இளகும். உடனே அழுத்தி, ஆறும்வரை பாரம் வைத்துவிடுங்கள்.

கேள்வி: பலகை நல்லதாக இருந்தால் மேலே புதுத் தாள் எப்படி ஒட்டுவது?

பதில்: உங்கள் கவுண்டரின் முன்விளிம்பு சதுரமாக இருந்தால் மட்டும் ஒட்டலாம். முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் வளைந்து சுவரோடு ஏறும் ஒரே துண்டுக் கவுண்டர் என்றால் முடியாது. அந்த வளைவு தொழிற்சாலையில் சூடுகாட்டி வளைத்தது; கையால் வளைத்தால் தாள் வெடிக்கும்.

வாங்கும்போது பலர் தவறுவது தாளின் அகலத்தில். கவுண்டரின் ஆழம் சுமார் 25 அங்குலம். 4 அடித் தாளில், அதாவது 48 அங்குலத்தில், இரண்டு பட்டை வராது. 5 அடித் தாளில் இரண்டு பட்டையும் வரும், முன்விளிம்புக்குத் துண்டும் மிஞ்சும். ஒரே பட்டை போதுமென்றால் 30 அங்குலத் தாள் கேளுங்கள். எல்லாப் பக்கமும் அரை அங்குலம் கூட விட்டு வெட்டவேண்டும்.

சிங்கைக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, 80 அல்லது 100 இலக்கச் சான்ட்பேப்பரால் பளபளப்பு முழுக்கப் போகும்வரை தேய்த்து, தூசியைத் துடையுங்கள். கொன்ராக்ட் சிமென்ற் (contact cement) என்ற பசையைப் பழைய தாளின் மேலும் புதுத் தாளின் அடியிலும் பூசுங்கள். விரல் வைத்தால் ஒட்டாத அளவுக்குக் காயவேண்டும். டப்பாவில் எழுதியிருக்கும் நேரம்தான் கணக்கு. ஈரமாக ஒட்டினால் பிறகு குமிழி கிளம்பும். இரண்டு பசைமுகமும் தொட்டால் அதோடு சரி, நகர்த்த முடியாது. அதனால் கவுண்டரின்மேல் ஓரடிக்கு ஒரு மெல்லிய மரக்குச்சியாக அடுக்கி, அதன்மேல் தாளை வைத்துச் சரிபார்த்து, நடுவிலிருந்து ஒவ்வொன்றாக உருவியபடி ரோலரால் பலமாக உருட்டுங்கள். முன்விளிம்பை முதலில் ஒட்டி, மேல்தாளைப் பிறகு ஒட்டினால் மூட்டில் தண்ணீர் நிற்காது. மிச்சத்தை ரவுட்டரில் (மரவிளிம்பு சீவும் மெஷின்) சீவலாம்.

கரைப்பான் கலந்த பசையின் ஆவி தீப்பற்றும். காஸ் அடுப்பையும் வேறு தீச்சுடர்களையும் அணைத்து, யன்னலைத் திறந்துவிட்டுத்தான் டப்பாவைத் திறக்கவேண்டும். இதில் அலட்சியம் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: எப்பொக்சி எங்கள் சமையலுக்குத் தாங்குமா?

பதில்: அடுப்பால் இறக்கிய புட்டுப்பானையை நேரே வைத்தால் தடம் விழும். கத்தி கீறும். மஞ்சள் கறை லமினேற்றைவிட இதில் விடாப்பிடியாக நிற்கும். தொட்டால் காய்ந்ததுபோல இருந்தாலும் முழுதாக இறுக ஒரு வாரமாவது வேண்டும், அதுவரை குசினி பாதிதான் இயங்கும். வீட்டை விற்கப்போகிறவருக்குச் சரி. தினமும் மூன்று வேளை சமைக்கும் வீட்டுக்கு நாங்கள் சொல்லமாட்டோம். விளிம்பில் திருகிப் பூட்டும் தேங்காய்த் திருவலை எந்தக் கவுண்டரையும் அமுக்கும்; அடியிலும் மேலிலும் சிறு பலகைத் துண்டு வையுங்கள்.

கேள்வி: மாற்றுவதென்றால் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: கடையில் வெட்டித் தயாராக வரும் லமினேற்றில் மூலைவெட்டு இடது, வலது என்று இரண்டு வகை. கவுண்டரை நோக்கி நின்றபடி எந்தப் பக்கத் துண்டு என்று படம் வரைந்து கொண்டுபோங்கள். அந்த மூட்டைக் கீழிருந்து போல்ட் போட்டு இறுக்குவார்கள்; இறுக்குமுன் வெட்டுமுகம் முழுவதும் தண்ணீர் புகாத பசை பூசவேண்டும். சிங்க் துளையின் வெட்டுமுகத்துக்கும் சிலிக்கோனோ வார்னிஷோ கட்டாயம். வேலைக்காரர் அவசரத்தில் விடுவது இதைத்தான். பக்கத்தில் நின்று பாருங்கள். கவுண்டரைக் கபேட்டோடு பிடிக்கக் கீழிருந்து போடும் திருகாணி நீண்டுவிட்டால் மேல்தாளைக் குத்திக்கொண்டு வரும், நீளத்தை அளந்தபின் முடுக்கச் சொல்லுங்கள்.

விலைச்சீட்டில் பழையதைக் கழற்றி அப்புறப்படுத்துவது, சிங்க் துளை, குழாய் மீண்டும் பூட்டுவது மூன்றும் தனித்தனியாக எழுதியிருக்கவேண்டும். ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் மதிப்பீடு எழுதியிருந்தால் கடைசிக் கட்டணம் அதைவிட 10 வீதத்துக்கு மேல் போகக்கூடாது. மேலதிக வேலைக்கு நீங்களே உடன்பட்டால் அது வேறு. விற்பனையாளர் உங்கள் வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கியிருந்தால், பிரதி கையில் கிடைத்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம்.