புள்ளியியல் பயம் – கடிதம்

அன்புள்ள சார்,

எம்.எஸ்ஸி. உளவியல் முதலாண்டு படிக்கிறேன். மனிதர்களைப் புரிந்துகொள்ளலாம் என்றுதான் சேர்ந்தேன். பிளஸ் டூவில் வரலாறு குரூப். கணக்கைப் பத்தாம் வகுப்போடு விட்டாயிற்று. இப்போது புள்ளியியல் வகுப்பென்றாலே வயிற்றைப் பிசைகிறது. எல்லோரும் தலையாட்டுகிறார்கள், எனக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. கவுன்சலிங் செய்யப்போகிறவளுக்கு இதெல்லாம் எதற்கு?

ச., மதுரை

அன்புள்ள ச.,

தலையாட்டுகிறவர்களுக்கெல்லாம் புரிகிறது என்று யார் சொன்னது? நீங்களும்தானே ஆட்டியிருப்பீர்கள்.

உங்கள் பயத்தை அளக்கவே ஓர் அளவுகோல் இருக்கிறது. 1985-இல் வந்தது, பெயர் ஸ்டார்ஸ், 51 கேள்விகள், ஆறு பிரிவுகள். வகுப்பும் தேர்வும் தரும் பயம், முடிவுகளுக்குப் பொருள் சொல்லப் பயம், இந்தப் பாடம் எதற்கு என்ற எண்ணம், ஆசிரியரிடம் பயம், உதவி கேட்கப் பயம். ‘எனக்குக் கணக்கு வராது’ என்ற நினைப்பு மிச்சமிருக்கும் ஒன்றே ஒன்று. உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிவது, கேட்கத் தயங்குவதுதான்.

கணக்கை மென்பொருள் போட்டுவிடும். (ஐந்தாறு எண்களை வைத்து ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள், பாதி மிரட்சி போய்விடும்.) நமக்கு மிஞ்சுவது வாசிப்பு. பெக் மனச்சோர்வு அளவுகோலில் அதிகபட்சம் 63 மதிப்பெண். ஆயிரம் பேருக்கு ஒரு சிகிச்சை, இன்னொரு ஆயிரம் பேருக்கு எதுவும் இல்லை என்று வையுங்கள். சராசரியில் ஒரே ஒரு மதிப்பெண் வித்தியாசம் வந்தால்கூட பி மதிப்பு (சிகிச்சையால் பயனே இல்லையென்றாலும் தற்செயலாகவே இவ்வளவு வித்தியாசம் வரும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழே போய்விடலாம். கட்டுரையில் ‘குறிப்பிடத்தக்க வித்தியாசம்’ என்று எழுதிவிடுவார்கள். அந்த ஒரு மதிப்பெண்ணால் உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு ராத்திரி தூக்கம் வருமா? அதைக் கேட்கத் தெரியாத கவுன்சலர் யார் எதை விற்றாலும் வாங்கிக்கொள்வார்.

இது சும்மா பயமுறுத்தலும் இல்லை. வெளியான 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். முதலில் 97 சதவீத ஆய்வுகளில் ‘குறிப்பிடத்தக்க’ முடிவு வந்திருந்தது; திரும்பச் செய்தபோது 36 சதவீதத்தில்தான் வந்தது. அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவர்களும் உளவியல்காரர்கள்தான், அதே புள்ளியியலை வைத்துத்தான்.

அப்புறம், உங்கள் பாடத்தில் ஒட்டுறவுக் கணக்குக்குப் பெயர் தந்தவராக வரும் ஸ்பியர்மன், கணக்கு வாத்தியார் இல்லை. ராணுவ அதிகாரியாக இருந்தவர், வேலையை விட்டுவிட்டு ஜெர்மனியின் லைப்சிக்கில், உளவியல் முன்னோடியான வுண்ட்டிடம் உளவியல் படிக்கப் போனார்.

சரி, என்ன செய்யலாம்? ‘ஒன்றும் புரியவில்லை’ என்று போய் நிற்காதீர்கள், கேட்பவருக்கு எங்கே தொடங்குவதென்று தெரியாது. ஒரே ஒரு அட்டவணையை எடுத்துக்கொண்டு போய், இந்த வரிவரை புரிகிறது, இதற்கு மேல் இல்லை என்று காட்டுங்கள். ஆசிரியரிடம் தயக்கமென்றால் சீனியர் அக்காவிடம் போங்கள். பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டும் இரண்டு பேரையும் கூடவே அழைத்துப் போங்கள், வருவார்கள்.