திரும்பி நடந்த இருபத்தேழு பேர்

அன்புள்ள ஐயா,

இரண்டாம் உலகப்போர் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் தளபதிகளின் பெயர்கள்தான் நிறைய வந்தன. மெல்பர்னில் மகன் வீட்டில் இருந்தபோது, ஏப்ரல் 25, அன்சாக் நாள் (ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தங்கள் போர்வீரர்களை நினைவுகூரும் நாள்) அன்று விடிகாலையில் நினைவாலயத்தில் கூட்டத்தோடு நின்றேன். அத்தனை பேர், ஒரு சத்தம் இல்லை. அவர்கள் நினைத்துக்கொள்கிற அந்தச் சாதாரணக் காலாட்படைச் சிப்பாய் யார்? என்னவெல்லாம் பட்டான்? எழுதுவீர்களா?

க., திண்டுக்கல்

அன்புள்ள க.,

நீங்கள் சொன்ன குறை சரி. ஆஸ்திரேலியாவின் ஒரே ஒரு பட்டாலியனைப் பற்றி, அதாவது ஒரு காலாட்படைப் பிரிவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், 39ஆவது. விக்டோரியா மாநிலத்தில் திரட்டப்பட்ட படை. நீங்கள் அந்த விடிகாலையில் நின்ற ஊர்ப்பக்கத்துப் பையன்கள்தான். பலருக்கு 18, 19 வயது.

வெளிநாட்டுப் போருக்குத் தாமாகப் பெயர் கொடுத்த ஏ.ஐ.எஃப். (ஆஸ்திரேலிய இம்பீரியல் படை) வீரர்கள் இவர்களை 'சாக்லேட் சிப்பாய்கள்' என்பார்கள். சூடு பட்டால் உருகிவிடுவார்களாம். 39ஆவது உள்நாட்டுக் காவலுக்கான படை என்பதால் அயல்நாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆனால் பப்புவா (இன்றைய பப்புவா நியூ கினியின் தென்பகுதி) அப்போது ஆஸ்திரேலிய ஆட்சியில் இருந்தது, அதனால் அங்கே அனுப்பலாம். 1942 ஜனவரியில் அதன் தென்கரையில் உள்ள போர்ட் மோர்ஸ்பியில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். அங்கே மாதக்கணக்கில் கப்பல் சரக்கு இறக்கினார்கள், குழி வெட்டினார்கள். போர்ப்பயிற்சி சொற்பம்.

ஜூலையில் ஜப்பானியர் வடகரையில் இறங்கினார்கள். அதற்குள் இவர்களில் ஒரு கம்பெனி, அதாவது பட்டாலியனின் ஒரு பகுதி, நடுவில் இருந்த ஓவன் ஸ்டான்லி மலைகளைத் தாண்டிக் கொக்கோடா என்ற ஊருக்குப் போயிருந்தது. சுமார் 96 கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. முழங்கால் வரை சேறு, ஓயாத மழை, பச்சைக் காட்டில் காக்கி உடுப்பு. சாப்பிட டின் இறைச்சியும் கல் மாதிரி பிஸ்கட்டும். மலேரியா ஒருபக்கம், சீதபேதி ஒருபக்கம். சீதபேதி முற்றியவர்கள் கால்சட்டையின் பின்பக்கத்தை வெட்டிவிட்டு நடந்தார்கள். இதை எழுதலாமா என்று யோசித்தேன். நீங்கள் கேட்டது இதைத்தானே.

ஆகஸ்ட் கடைசியில் இசுராவா என்ற மலைக்கிராமத்தில் சண்டை. ரால்ஃப் ஹொன்னர் அப்போதுதான் வந்து பட்டாலியனுக்குத் தலைமை ஏற்றிருந்தார். ஒரு மாதமாகப் பின்வாங்கிப் பின்வாங்கிப் போரிட்டுச் சிப்பாய்கள் எலும்பும் தோலுமாக இருந்தார்கள். இனி முடியாது என்ற நோயாளிகள், காயம்பட்டவர்கள் முப்பது பேரைப் பின்னால் அனுப்பியிருந்தார்கள். வழியில் அவர்களுக்குச் செய்தி எட்டுகிறது: பட்டாலியன் ஆபத்தில் இருக்கிறது. இருபத்தேழு பேர் அப்படியே திரும்பி, வந்த வழியே மேலே ஏறினார்கள். ஏறாத மூவரில் ஒருவருக்குப் பாதம் இல்லை, ஒருவருக்குத் தொண்டையில் குண்டு, மற்றவருக்கு முன்கை போயிருந்தது. கடவுளுக்காகவோ மன்னருக்காகவோ நாங்கள் அதைச் செய்யவில்லை, கூட இருந்தவர்கள் எங்களை எதிர்பார்த்தார்கள், அதனால்தான் என்று பிற்பாடு அவர்களில் ஒருவர் சொன்னார். எனக்கு இந்த இடத்தைத் தாண்டிப் போகவே மனம் வருவதில்லை.

உதவிக்கு வந்து சேர்ந்தவர்கள், சாக்லேட் என்று சொன்ன அதே ஏ.ஐ.எஃப். வீரர்கள்.

அப்புறம், பப்புவா சுமைதூக்கிகளை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்லக் கூடாது. நடக்க முடியாத காயக்காரர்களை அந்தச் சரிவுகளில் தூக்குப்படுக்கையில் வைத்து நாள்கணக்கில் இறக்கிக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். பலர் விரும்பி வந்தவர்கள்கூட இல்லை, ஊரிலிருந்து கட்டாயமாகப் பிடித்து வரப்பட்டவர்கள்.

டிசம்பரில் 39ஆவது மறுபடியும் சண்டைக்குப் போய், ஜப்பானியர் வசம் இருந்த வடகரைக் கிராமமான கோனாவைப் பிடித்தது. 1943 ஜனவரியில் களத்திலிருந்து விலக்கியபோது அணியில் நிற்க முடிந்தவர்கள் 32 பேர். ஜூலையில் பட்டாலியனையே கலைத்து, மிஞ்சியவர்களை வேறு படைகளில் சேர்த்துவிட்டார்கள். இறந்தவர்களில் பலர் போர்ட் மோர்ஸ்பிக்குப் பக்கத்தில் போமானா மயானத்தில் இருக்கிறார்கள். அங்கே சில கற்களில் பெயர் கிடையாது.