வாசகர் கேள்வி – பதில்: ஒரு பலகையில் நான்கு தூண்டில் தடிகள்

கேள்வி: அமெரிக்காவில் கிராப்பி என்னும் மீனைப் பிடிப்பவர்கள், படகின் அணியத்தில் ஆறு, எட்டுத் தூண்டில் தடிகளை விசிறிபோல் நிறுத்திவைத்து மெதுவாக ஓட்டிச் செல்வதைக் காணொளிகளில் பார்க்கிறேன். அந்தத் தாங்கிகளை வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தால் விலை கட்டாது. என்னுடைய சிறிய பைபர் படகுக்கு அப்படி ஒன்றை வீட்டிலேயே செய்துகொள்ள முடியுமா? (குருநகர் வாசகர்)

பதில்: தாராளமாகச் செய்யலாம், செலவும் மிகக் குறைவு. ஆனால் அவர்களுடைய தாங்கியை அப்படியே பார்த்துச் செய்யாதீர்கள். கிராப்பி வட அமெரிக்காவின் ஏரிகளிலும் ஆறுகளிலும் வாழும் நன்னீர் மீன்; பெரும்பாலும் அரைக் கிலோவைத் தாண்டாது. உலக சாதனையாகப் பதிவான வெள்ளைக் கிராப்பி 1957இல் மிசிசிப்பி மாநிலத்து ஈனிட் ஏரியில் பிடிபட்டது. அதன் எடையே ஏறத்தாழ 2.35 கிலோதான். அதன் வாய் மிக மெல்லியது, பலமாக இழுத்தால் கிழிந்துவிடும் என்பதால் நீளமான, நன்றாக வளையும் தடிகளை வைத்துக்கொண்டு மணிக்கு ஒரு கிலோமீற்றர் அளவிலான வேகத்தில் ஊர்ந்து செல்கிறார்கள். அந்த வேலைக்கு இலேசான தாங்கி போதும். நமது யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் தூண்டிலை எடுப்பது கொடுவாவோ பாரையோ ஆனால், முதல் இழுவையிலேயே தாங்கியின் பலம் தெரிந்துவிடும்.

எவ்வளவு பலம் வேண்டும் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். மூன்றரை மீற்றர்த் தடியின் அடிப்பாகம் 30 சென்ரிமீற்றர்க் குழாய்க்குள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தடியின் நுனியில் ஒரு கிலோ அளவு இழுவை குறுக்காக விழுந்தால், குழாயின் அடியில் அதைப் போலப் பத்து மடங்கு விசை விழும். தடி வளைந்து கொடுப்பதால் இது ஓரளவு குறையும் என்றாலும், குழாயை ஒற்றை ஆணியில் நிறுத்துவது ஏன் ஆபத்து என்பது இதிலிருந்தே விளங்கும். ஒவ்வொரு குழாய்க்கும் இரண்டு போல்ற் வேண்டும். அவை குழாயின் இரு முனைகளுக்கும் அருகே, ஒன்றுக்கொன்று இயன்றவரை தள்ளி இருக்க வேண்டும்.

செய்முறை இதுதான். படகின் அகலத்துக்குச் சற்றுக் குறைவாக, இரண்டு அங்குலத் தடிப்பில் ஒரு பூவரசம் பலகை அல்லது வேப்பம் பலகை எடுங்கள். ஒன்றரை அங்குலப் பி.வி.சி. குழாயில் 30 சென்ரிமீற்றர்த் துண்டுகள் நான்கு வெட்டுங்கள். வெட்டுவதற்கு முன் உங்கள் தடியின் பிடி அந்தக் குழாய்க்குள் தாராளமாக இறங்குகிறதா என்று பாருங்கள்; இறங்காவிட்டால் இரண்டு அங்குலக் குழாய்க்குப் போய்விடுங்கள். குழாயின் மேல்முனையில், றீலின் கால் வந்து அமரும் அளவுக்கு, ஏறத்தாழ ஒன்றரைச் சென்ரிமீற்றர் அகலமும் ஆறு சென்ரிமீற்றர் ஆழமுமான வெட்டு ஒன்று வேண்டும். மீன் இழுக்கும்போது தடி சுழன்றுவிடாமல் பிடிப்பது இந்த வெட்டுத்தான் என்பதால், இதற்குப் பொறுமையாக நேரம் கொடுங்கள். ஓரங்களை அரத்தால் மழுக்கி, பின்னர் மண் கடதாசியால் தேய்த்துவிடுங்கள். அடிப்பக்கத்தை மூடாதீர்கள். ஒரு போல்ற்றைக் குறுக்கே ஊடுருவ விட்டால் தடியும் கீழே நழுவாது, தண்ணீரும் தங்காது.

பலகையோடு பொருத்தும் போல்ற்றின் தலை குழாய்க்குள்ளே வருவதால், அதை எப்படி முடுக்குவது என்ற சிக்கல் எழும். குழாயின் எதிர்ப்பக்கச் சுவரில் திருப்புளி நுழையும் அளவுக்குப் பெரிய துளை ஒன்றை நேர் எதிரே போட்டுவிட்டால் வேலை இலகுவாக முடியும். குழாய்க்கும் பலகைக்கும் இடையில் சாய்வாக வெட்டிய மரக்கட்டைகளை வைத்து, தடிகள் நீர்மட்டத்திலிருந்து 25 பாகை அளவுக்கு உயர்ந்து நிற்கும்படி செய்யுங்கள். நடுவிலுள்ள இரண்டும் ஏறத்தாழ நேர் முன்னாகவும், ஓரத்திலுள்ள இரண்டும் நன்றாக வெளிப்பக்கம் விரிந்தும் நின்றால் தங்கூசிகள் (தூண்டில் நரம்புகள்) ஒன்றோடொன்று சிக்குவது பெருமளவு குறையும்.

படகின் உடலில் மட்டும் துளையிடாதீர்கள். பைபருக்குள் மரமோ நுரையோ வைத்திருந்தால், துளை வழியே இறங்கும் உப்புநீர் அதை உள்ளேயே கெடுத்துவிடும். பலகையைப் படகின் குறுக்குப் பலகையோடு நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதே போதுமானது. வேண்டாத நாளில் அவிழ்த்துக் கரையில் வைத்துவிடலாம். ஒவ்வொரு தடிக்கும் ஒரு சிறு கயிறு கட்டிப் படகோடு பிணைத்து, றீலின் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்தி வையுங்கள்.

கேள்வி: முன்பு செய்த பி.வி.சி. தாங்கி வெயிலில் நிறம் மாறி, தட்டினாலே வெடித்துவிட்டது. போல்ற்றுகளும் துருப்பிடித்துவிட்டன. என்ன செய்யலாம்? (காரைநகர் வாசகர்)

பதில்: நீங்கள் மழைநீர் வடியப் பயன்படும் மெல்லிய குழாயை வாங்கியிருக்கக்கூடும். நீர் அழுத்தம் தாங்கும் தடித்த குழாயைக் கேட்டு வாங்குங்கள். கட்டட வேலை முடிந்த வீடுகளில் மிஞ்சிய துண்டுகளே பெரும்பாலும் போதும். வெயிலின் புறஊதாக் கதிர்தான் பி.வி.சி.யை நொறுங்கச் செய்கிறது என்பதால், மேற்பரப்பை இலேசாகத் தேய்த்து வெளிர்நிற வர்ணம் பூசிவிடுங்கள். குழாயை நெருப்பில் காட்டி வளைக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. கருகினால் அது ஐதரசன் குளோரைட்டு என்னும் நச்சுவாயுவை விடும், ஆகவே அந்த வேலையே வேண்டாம். போல்ற்றுகளுக்கு 316 தரத் துருப்பிடிக்காத உருக்கே உப்புநீருக்கு ஏற்றது. 304 தரத்தில் காலப்போக்கில் புள்ளி புள்ளியாக அரிப்பு விழும். செலவைச் சுருக்குவதென்றால் பலகையில் சுருக்குங்கள், போல்ற்றில் சுருக்காதீர்கள்.

கேள்வி: தனியாகச் செல்லும் ஒருவர் எத்தனை தடிகள் வைக்கலாம்? (பாசையூர் வாசகர்)

பதில்: அமெரிக்காவிலேயே பல மாநிலங்கள் ஒருவருக்கு இத்தனை தடிகள்தான் என்று வரம்பு வைத்திருக்கின்றன. நமது கடல்நீரேரி ஆழம் குறைந்தது. சாதாளை (கடற்புல்) நிறைந்த இடத்தில் நான்கு தூண்டில்களையும் துப்புரவாக்கிக்கொண்டே இருப்பதில் பொழுது போய்விடும். தெளிந்த மணல் தரையில் நான்கு, சாதாளை உள்ள இடத்தில் இரண்டு என்பது என் கருத்து. களங்கண்டி (தடிகள் நட்டுக் கட்டிய வலை) அடித்திருக்கும் பக்கம் விரித்த தடிகளோடு போகவே வேண்டாம். ஒரு தூண்டில் சிக்கினாலும் கிழிவது இன்னொருவரின் வலை. எங்கே ஓட்டலாம் என்பதை உங்கள் ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்திடம் முன்கூட்டியே கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.