துருப்பிடித்த வால்வு ரேடியோ பெட்டிக்கு அப்படியே பெயின்ட் அடிக்கலாமா?

கூடாது. துருவின் மேல் அடித்த பெயின்ட் சீக்கிரமே பொரிந்து உதிரும். ஹாலிகிராஃப்டர்ஸ் எஸ்-38 ரேடியோ மாதிரி இரும்புப் பெட்டி என்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றுங்கள். உதிரும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். குழிகளில் ஒட்டியிருப்பதற்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி நல்லது, கையுறை கட்டாயம். அப்புறம் மெட்டல் பிரைமர், அதன் மேல் மெல்லிசாக இரண்டு மூன்று தடவை ஸ்பிரே பெயின்ட். முன்பக்க எழுத்துகள் நன்றாக இருந்தால் அங்கே உப்புத்தாளே வேண்டாம், சோப்புத் தண்ணீர் போதும். சிராய்ப்பு இருந்தால்தான் என்ன, பழைய செட்தானே!

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். 1946-இல் அமெரிக்காவில் வந்த இந்த எஸ்-38 செட்டில், மெயின்ஸிலிருந்து செட்டைப் பிரித்து வைக்கும் பவர் டிரான்ஸ்பார்மர் கிடையாது. அதனால் மெயின்ஸ் மின்சாரம் சேசிஸ் (உள்பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டம்) வரை வரக்கூடும். சேசிஸைப் பெட்டியில் படாமல் வைக்கும் வாஷர்கள் இற்றுப்போயிருந்தால் புதிதாகப் போடுங்கள். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்று மல்டிமீட்டரில் பார்த்த பிறகே பிளக்கைச் செருகுங்கள்.