கொரியாவிலிருந்து இங்கிலாந்து வரும் பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளி?

தம்பி, சுவோனில் நான்காம் வகுப்பு படிக்கும் மகளையும் ஒன்றாம் வகுப்பு மகனையும் கூட்டிக்கொண்டு ஜூலையில் ரெடிங் வருகிறோம், எந்த வகைப் பள்ளி நல்லது, கொரியாவைவிடப் படிப்பு லேசாமே, பிள்ளைகள் பின்தங்கிவிடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்களும் சுவோன் யோங்தோங் பக்கம் குடியிருந்துவிட்டு வந்தவர்கள்தான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அவசரமானது. மகள் மார்ச்சில் பிறந்தவள் என்கிறீர்கள். கொரியாவில் ஜனவரி முதல் டிசம்பர் வரை பிறந்தவர்கள் ஒரே வகுப்பு. இங்கே செப்டம்பர் முதல் ஆகஸ்ட் வரை. நான்கு வயது முடிந்ததுமே பள்ளியும் தொடங்கிவிடுகிறது. அதனால் அங்கே நான்காம் வகுப்பு பாதியில் இருப்பவள், இங்கே செப்டம்பரில் ஆறாம் ஆண்டில் போய் உட்காருவாள். அது தொடக்கப் பள்ளியின் கடைசி ஆண்டு. அடுத்த செகண்டரி பள்ளிக்கு அக்டோபர் 31-க்குள் கவுன்சிலில், அதாவது உள்ளூர் நிர்வாக மன்றத்தில், விண்ணப்பிக்க வேண்டும். எந்தப் பள்ளி கிடைத்தது என்று மார்ச் 1 அன்று சொல்வார்கள். வந்து இறங்கிய களைப்பு தீர்வதற்குள் இந்த வேலை வந்து நிற்கும்.

இப்போது வித்தியாசத்தைச் சொல்கிறேன். கொரியாவில் வீட்டு முகவரிக்கு உரிய பள்ளியில் பிள்ளை சேர்ந்துவிடும், நாம் அலைய வேண்டியதில்லை. மிடில் ஸ்கூல் நுழைவுத் தேர்வை 1969-இல் சியோலில் தொடங்கி எடுத்துவிட்டார்கள். 1974 முதல் உயர்நிலைப் பள்ளிகளையும் சமப்படுத்தத் தொடங்கினார்கள். அறிவியல் பள்ளி, அயல்மொழிப் பள்ளி, தன்னாட்சித் தனியார் பள்ளி என்று சில தனி வகைகள் உண்டு. மற்றபடி பள்ளிக்கும் பள்ளிக்கும் பெரிய பேதம் கிடையாது. ஆனால் போட்டி ஒழியவில்லை, மாலை நேரத்துக்கு இடம் மாறியது. பள்ளி விடும் நேரத்தில் வாசலில் வரிசையாக நிற்கும் ஹாக்வோன் (தனிப்பயிற்சி நிலையம்) மஞ்சள் வேன்களை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். ஹாக்வோன் தெருவில் இரவு பத்து மணிக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளக் கார்கள் அடைத்து நிற்பதையும் பார்த்திருப்பீர்கள். பத்து மணிக்கு மேல் நடத்தக் கூடாது என்ற விதி இருப்பதால்தான் அந்த நேரத்திலாவது விடுகிறார்கள். 1980-இல் தனிப்பயிற்சியையே தடைசெய்து பார்த்தார்கள்; 2000-இல் அந்தத் தடை செல்லாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இங்கிலாந்தில் போட்டி பள்ளி வாசலிலேயே இருக்கிறது. கட்டணமில்லாத அரசுப் பள்ளிகளிலேயே பல வகை. யாரையும் தேர்வு வைத்து வடிகட்டாத சாதாரணப் பள்ளிகள்தான் பெரும்பான்மை. அவற்றில் இடம் மிஞ்சாதபோது பெரும்பாலும் வீட்டுத் தூரத்தை அளந்துதான் தருவார்கள். நல்ல பெயர் எடுத்த பள்ளியைச் சுற்றி வீட்டு விலையும் வாடகையும் ஏறிக் கிடப்பது அதனால்தான். சர்ச் பள்ளிகளும் நிறைய. ஆங்கிலிக்கன் தொடக்கப் பள்ளிகளில் நம் பிள்ளைகள் தாராளமாகப் படிக்கிறார்கள். கத்தோலிக்கப் பள்ளிகளில் கூட்டம் அதிகமானால் ஞானஸ்நானச் சான்றிதழ் உள்ளவர்களுக்கே முதல் இடம்.

கிராமர் பள்ளி வேறு கதை. பதினோரு வயதுத் தேர்வில் தேறியவர்களுக்கு மட்டும். இங்கிலாந்து முழுவதும் ஏறத்தாழ 160 தான் இருக்கின்றன, புதிதாகத் திறக்கக் கூடாது என்று 1998-இல் சட்டமே போட்டுவிட்டார்கள். ரெடிங்கில் பையன்களுக்கு ரெடிங் ஸ்கூல், பெண்களுக்குக் கெண்ட்ரிக் ஸ்கூல் என்று இரண்டு உண்டு, நம்மவர்கள் பேசிக்கொள்வதெல்லாம் இவற்றைப் பற்றித்தான். தேர்வு ஆறாம் ஆண்டின் தொடக்கத்துக்குள் முடிந்துவிடும், பெயர்ப்பதிவு அதற்கும் முன்பே. ஆகவே சுவோனில் இருக்கும்போதே பள்ளி இணையதளத்தில் தேதியைப் பாருங்கள். புதிதாகக் குடிவருபவர்களுக்குச் சில ஊர்களில் பிந்திய தேர்வு உண்டு, கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. கட்டணப் பள்ளிகளில் விடுதி இல்லாமலே ஆண்டுக்கு 15,000 பவுண்டுக்கு மேல் போவது சகஜம், 2025 ஜனவரியிலிருந்து அதன் மேல் 20 சதவீத வாட் வரி வேறு. இரண்டு பிள்ளைகளுக்கு அது கட்டுப்படியாகாது. அந்தப் பணத்தில் நல்ல பள்ளிக்கு அருகே வாடகைக்கு இருக்கலாம் என்பது என் கருத்து.

அடுத்தது, படிப்பு லேசா என்ற கேள்வி. மகள் கணக்கில் வகுப்புக்கு முன்னால் இருப்பாள், அதில் கவலையே வேண்டாம். ஆனால் கொரியப் பெற்றோரிடம் ஒரு நம்பிக்கை உண்டு: இன்னும் கொஞ்சம் நேரம் உட்கார்ந்தால் எந்தப் பிள்ளைக்கும் வரும் என்பது. அதனால் எல்லோருக்கும் ஒரே பாடம், ஒரே ஓட்டம். இங்கே பிள்ளை சந்தோஷமாக இருக்கிறதா, அதன் நிலைக்கு ஏற்ற வேலை கிடைக்கிறதா என்று பார்ப்பார்கள். கேட்க இதமாக இருக்கிறது. இதற்குள் ஒரு ஆபத்தும் இருக்கிறது. செகண்டரியில் கணக்குக்குத் தரம் பிரித்து உட்கார வைப்பார்கள். ஆங்கிலம் சரளமாக வராத பிள்ளை, மூளை இருந்தும் கீழ்ப் பிரிவுக்குப் போய்விடக் கூடும். பதினாறு வயது ஜிசிஎஸ்இ கணக்குத் தேர்வில் ஃபவுண்டேஷன் என்ற எளிய தாள் எழுதினால் எவ்வளவு நன்றாக எழுதினாலும், 9 வரை உள்ள தரங்களில் 5-க்கு மேல் கிடையாது. ஹயர் என்ற கடினத் தாள் எழுதினால்தான் மேலே போக முடியும். இதை யாரும் கூப்பிட்டு உரக்கச் சொல்ல மாட்டார்கள். பெற்றோர் சந்திப்பு பத்து நிமிடம், ஆசிரியர் சிரித்த முகத்தோடு "நன்றாகச் செய்கிறாள்" என்பார். அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். எந்தப் பிரிவில் இருக்கிறாள், மேலே போக என்ன செய்யணும் என்று கேளுங்கள். கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள், தவறாகவும் நினைக்க மாட்டார்கள்.

வீட்டுப்பாடம் குறைவு என்று நினைத்து ஹாக்வோன் மாதிரி இங்கே தேடாதீர்கள். தினமும் பையில் ஒரு கதைப் புத்தகமும், வாசித்ததற்கு நாம் கையெழுத்துப் போடும் குறிப்பேடும் வரும். அதை அலட்சியப்படுத்தாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. இந்த ஊர்த் தேர்வுகளில் எழுத்துக்கும் வாசிப்புக்கும் முக்கிய இடம் உண்டு.

இன்னொன்று. கொரியாவில் அனுபவக் கல்வி என்று படிவம் எழுதிக் கொடுத்துவிட்டுத் தீபாவளிக்கு ஊருக்குப் போய்வந்திருப்பீர்கள். இங்கே பள்ளி நாட்களில் அனுமதியில்லாமல் ஐந்து நாள் போனால் ஒரு பிள்ளைக்கு, பெற்றோர் ஒவ்வொருவருக்கும் 80 பவுண்டு அபராதம். உங்கள் வீட்டுக்கு 320 ஆகும். டிக்கெட் போடும் முன் பள்ளியின் விடுமுறை அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னவன் நவம்பரில் பிறந்தவன் என்பதால் செப்டம்பரில் இரண்டாம் ஆண்டுக்குப் போவான். அந்த வகுப்புவரை மதியச் சாப்பாடு இலவசம், சைவம் என்று சொல்லிவைத்தால் சைவமே தருவார்கள். ஒரு வகுப்பில் 30 பேருக்கு மேல் வைக்கக் கூடாது என்ற விதி இருப்பதால் பக்கத்துப் பள்ளியில் உடனே இடம் கிடைக்காமல் போகலாம். அக்காவும் தம்பியும் கொஞ்ச காலம் வேறு வேறு பள்ளியில் படிக்கவும் நேரலாம். காத்திருப்போர் பட்டியலில் பெயரை விட்டுவையுங்கள், ரெடிங்கில் ஆட்கள் வந்துபோய்க்கொண்டே இருப்பதால் இடம் விழும். வீடு பார்க்கும்போது எந்தப் பகுதி என்று எழுதுங்கள் தம்பி, அங்கே உள்ள பள்ளிகளைப் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன்.