பேயை நம்பாத நண்பர்களிடம் நமக்கு நடந்ததை எப்படிச் சொல்வது?

சொன்னால் சிரிக்கிறார்கள், சொல்லாமலும் இருக்க முடியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், நம்பாதவரிடம்தான் சொல்ல வேண்டும். நம்புகிறவரிடம் கொடுத்தால் அதில் நாலைந்தைக் கூட்டிச் சேர்த்து ஊருக்கே விநியோகம் பண்ணிவிடுவார். எனக்கு அப்படித்தான் ஆனது.

எங்கள் ஊர் ராமேஸ்வரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடம். சித்தப்பா குடும்பம் தனுஷ்கோடிக்குப் போகிற வழியில் கம்பிப்பாட்டில் குடிசை போட்டுக் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தது. அரிச்சல்முனை வரை ரோடு திறந்தது 2017-இல். நான் சொல்வது அதற்கு முந்தைய காலம். மணலில் வேன் தத்தித் தத்திப் போகும், ராத்திரி ஆனால் கரண்ட் கிடையாது. புரட்டாசிக் கடைசியில் ஒருநாள் அங்கே தங்கினேன். நடுராத்திரி ஒண்ணுக்குப் போக வெளியே வந்தேன். நிலா இல்லை. காற்று சுத்தமாக நின்றுபோயிருந்தது. வடக்கே கடலுக்கும் எனக்கும் நடுவில் மணலும் அடம்புக்கொடியும்தான். அந்தப் பக்கமிருந்து பெண்கள் பேசிக்கொண்டு வரும் சத்தம். இரண்டு மூன்று பேர் இருக்கும். என்ன பேச்சு என்று பிடிபடவில்லை, தமிழ் என்று மட்டும் தெரிந்தது. திடீரென்று ஒரு குரல் மட்டும் பக்கத்தில் நிற்பதுபோலத் தெளிவாக, ‘வந்துட்டாங்களா?’ என்றது.

டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆளே இல்லை. சித்தப்பா உள்ளே படுத்த வாக்கிலேயே, ‘உள்ள வந்து படுறா தம்பி’ என்றார். காலையில் காயப்போட்ட கருவாட்டைப் புரட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், ‘கேட்டுச்சாக்கும்?’ என்றார். ‘ம்’ என்றேன். ‘சரி, டீயக் குடி.’ அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இதை முதலில் பேய் பிசாசில் ரொம்ப ஈடுபாடு உள்ள ஒரு நண்பரிடம் சொன்னேன். வாயைப் பிளந்துகொண்டு கேட்டார், எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்ச நாள் கழித்து ஐஸ் கம்பெனி லாரி டிரைவர் ஒருவர், ‘அண்ணே, விஷயம் தெரியுமா? நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் கம்பிப்பாட்டுல மாட்டிக்கிட்டானாம்’ என்று என்னிடமே ஆரம்பித்தார். வெள்ளைச் சேலை வந்துவிட்டது, கொலுசு வந்துவிட்டது, கையில் ஒரு பிள்ளை. 1964 புயலில் கடல் அடித்துக்கொண்டுபோன ரயிலில் புருஷனைத் தேடுகிறாளாம். அந்தப் பையன் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து, வேப்பிலை அடித்து, கயிறு கட்டித்தான் எழுந்தானாம். வெள்ளைச் சேலை உடுத்தாத பேய்க்கு நம் பக்கம் குடியுரிமையே கிடையாது போலிருக்கிறது. எனக்கு உண்மையில் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். அந்த ஆர்ப்பாட்டத்தில் அதுதான் காணாமல் போனது.

அப்புறம்தான் கருப்புச் சட்டைக்கார நண்பனிடம் சொன்னேன். அப்பா காலத்திலிருந்தே திராவிடர் கழகக் குடும்பம், சாமியையே விடமாட்டான், பேயை விடுவானா? ஆனால் அவன் சிரிக்கவில்லை, விசாரித்தான். எந்தப் பக்கமிருந்து வந்தது? காற்று எப்படி இருந்தது? கடலில் வெளிச்சம் ஏதும் தெரிந்ததா? தூங்கி எழுந்து எவ்வளவு நேரம்? சித்தப்பாவுக்கும் கேட்டதா? கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொன்னதும், ‘அப்ப சத்தம் வந்தது நெசம் மாப்ள. ரெண்டு பேரு காதுலயும் விழுந்திருக்கு. எங்கேருந்து வந்துச்சுங்கறதுதான் இப்ப பிரச்சினை’ என்றான்.

அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. வாயைப் பிளந்து கேட்டவர் தராத மரியாதை அது.

பிறகு அவன் தன் விளக்கத்தைச் சொன்னான். பகலில் மணல் சுட்டு, தரையை ஒட்டிய காற்றும் சூடாகிவிடும். ஒலி மேல் பக்கமாக வளைந்து போய்விடும், தூரத்துச் சத்தம் கேட்காது. காற்று அசையாத ராத்திரியில் நேர்மாறு. தண்ணீரையும் மணலையும் ஒட்டிய காற்று குளிர்ந்திருக்கும், அதற்கு மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாக இருக்கும். அப்போது ஒலி மேலே தப்பிப் போகாமல் கீழே வளைந்து வெகுதூரம் வரும். பாம்பன் பாலத்தில் ரயில் ஏறுகிற சத்தம் பகலில் எங்கள் வீட்டுக்குக் கேட்காது, சில ராத்திரிகளில் வாசலில் போவதுபோலக் கேட்கும். அதே கதைதான் என்றான். வடக்கே பாக் நீரிணை, பெண்கடல், அலை இல்லாமல் கிடக்கும். அங்கே வலை விட்டுக் காத்திருக்கும் வள்ளத்தில் யாராவது ரேடியோ வைத்திருப்பார்கள். தலைமன்னார் இங்கிருந்து முப்பது கிலோமீட்டர் சுமார்தான், இலங்கை எஃப்எம் நம் பக்கம் கணீரென்று எடுக்கும்.

‘இலங்கைப் பேச்சு வேற மாதிரில்லடா இருக்கும்?’ என்றேன்.

‘சினிமா வசனம் போட்டிருப்பான்’ என்றான். எதற்கும் பதில் வைத்திருப்பான் பாவி.

அவன் சொன்னதில் பாதிக்கு மேல் சரி என்றுதான் நினைக்கிறேன். மிச்சத்தை அவனும் வற்புறுத்தவில்லை, நானும் விட்டுக்கொடுக்கவில்லை. இப்போது யாரிடம் சொன்னாலும் ரேடியோவையும் சேர்த்தே சொல்கிறேன். ஆச்சரியம் என்னவென்றால், அப்படிச் சொல்லும்போதுதான் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்கார்கிறார்.

ஆகவே நீங்களும் ‘நான் பேயைப் பார்த்தேன்’ என்று ஆரம்பிக்காதீர்கள். அங்கேயே வழக்கு பேயின் பக்கம் போய்விடும், உங்களுக்கு நடந்தது ஓரமாக நிற்கும். எத்தனை மணி, எங்கே நின்றீர்கள், எது கேட்டது, எது சரியாகத் தெரியவில்லை, இதை மட்டும் சொல்லுங்கள். கடைசியில் ‘நம்புறியா?’ என்று கேட்கவே கேட்காதீர்கள். அதைக் கேட்டால் அவர் ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்தே ஆக வேண்டும். நாலு பேர் கூடிய இடமும் வேண்டாம். அதில் ஒருவன் சிரிப்புக் காட்டத்தான் செய்வான், மற்ற மூன்று பேரும் அவன் பக்கம் சாய்வார்கள். தனியாக, டீ குடிக்கப் போகிற நடையில் சொன்னால், கிண்டல் பேர்வழிகூட ஒழுங்காகக் கேட்பான்.

நம்பாதவரிடம் சொன்னதால் ஒருவர் பிழைத்துப்போன கதையும் உண்டு. எங்கள் மீன் கம்பெனியில் ராத்திரி தங்கும் பையனுக்கு அமுக்குவான் தொல்லை. விடிகாலையில் முழிப்பு வரும், கை கால் அசையாது, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த பாரம், மூலையில் ஓர் உருவம். தலைமாட்டில் அரிவாள் வைத்துப் படுத்தான், ஒன்றும் ஆகவில்லை. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒருவரிடம் வெட்கத்தோடு சொன்னபோது, அவர் சாதாரணமாக, ‘மல்லாக்கப் படுக்கிறியா? தூக்கம் கெட்டுக் கெட்டு வேலை பார்க்கிறியா?’ என்று கேட்டார். இரண்டும் உண்மை. கனவு காணும் தூக்கத்தில் உடம்பின் தசைகள் தளர்ந்து கிடக்கும். அந்த நேரத்தில் மூளை மட்டும் முந்தி விழித்தால் கனவு கண்ணெதிரே ஓடும், உடம்பு அசையாது. விளக்கம் கிடைத்த பிறகு அமுக்குவான் அடியோடு போய்விடவில்லை, எப்போதாவது வருகிறான். ஆனால் பையனுக்குப் பயம் போய்விட்டது. அரிவாள் மறுபடி தேங்காய் வெட்டப் போனது.

குரல் என்றைக்கோ ஒருநாள் கேட்டால் அது கதை. தினமும் கேட்டால், குரல் உங்களை ஏவினால், நண்பரிடம் சொல்வதோடு நிறுத்தாமல் மனநல மருத்துவரிடம் போங்கள். ராமநாதபுரம் மாவட்டத்துக்காரன் இதைச் சொல்லாமல் விட முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் காப்பகம் தீப்பிடித்ததில் 28 பேர் இறந்தார்கள், சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல். அவர்களுக்கு வேண்டியிருந்தது வைத்தியம்.

இன்னொன்று, இடம் பார்த்துச் சொல்லுங்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது அலை அடித்துப்போனது, நூறு பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் இந்தத் தீவில் பக்கத்து வீட்டுக்காரர்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு இடிந்த சர்ச் முன்னால் நின்று கிசுகிசுக் குரலில் பேசுகிற பிள்ளைகளுக்கு இது உறைப்பதில்லை. அப்படி வந்த ஒருவன், சங்கு பாசி விற்கும் ஒரு பாட்டியிடம் ‘பேய் எந்தப் பக்கம் பாட்டி இருக்கும்?’ என்று கேட்டான். கிழவி பாசிமாலையைக் கோத்துக்கொண்டே, ‘மனுசன் வாழ முடியாத எடம்னு கவர்மெண்டு எழுதி வச்சிருச்சு. நாங்கதான் இருக்கோம். நல்லாப் பாத்துக்க’ என்றாள். அவன் ஒரு மாலை வாங்கிக்கொண்டு போனான்.

கருப்புச் சட்டைக்காரன் இன்னும் விடவில்லை. அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் என்று போன மாதம் மறுபடி கேட்டான். சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். மேற்கே இருந்து வீசும் கச்சான் காற்று ஓய்ந்து, வடக்கே இருந்து வரும் வாடை இன்னும் பிடிக்காத நேரம் என்றார். அவனுக்கு முகமெல்லாம் பல். அந்த நேரத்தில்தான் ஒலி அப்படி வளையுமாம். அப்படியே அவரிடம், அன்றைக்கு வடக்கே வள்ளம் ஏதும் கிடந்ததா என்று கேட்கச் சொன்னான். கேட்டேன். ‘அன்னைக்கு அமாவாசைடா, எங்க பக்கம் ஒருத்தரும் கடலுக்குப் போகல’ என்றார் சித்தப்பா. இதை இன்னும் அவனிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறான், அப்போது சொல்லலாம் என்று வைத்திருக்கிறேன்.